காசில்லாமல் ஹார்வார்ட் பாடநெறி: வன்னியிலிருந்து சேர்வது எப்படி?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "இலவசம் என்கிறீர்கள், பிறகு ஏன் காசு கேட்கிறது?" எட்எக்ஸ், கோர்சேரா இரண்டும் இணையவழிப் பாடநெறித் தளங்கள். எட்எக்ஸில் பல பாடநெறிகளைச் சும்மா பார்க்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் காசு. கோர்சேராவில் நிதியுதவிக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டும் வேண்டாம்.

மின்னஞ்சல் கணக்கு இருக்கும்தானே? நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. ஹார்வார்டின் சி.எஸ்.50 கணினி அறிமுகப் பாடநெறியைத் தேர்ந்தெடுங்கள். கூகுளில் தேடினால் எட்எக்ஸ் பக்கமும் வரும். அங்குள்ள சான்றிதழுக்குத்தான் கட்டணம். ஹார்வார்டின் சொந்தத் தளத்தில் அதே பாடநெறியை முடித்தால் சான்றிதழும் இலவசம்.

2. பெயர். நம்மவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். பல படிவங்களோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகளை நீட்டும். கடைசிப் பெட்டியில் ஒற்றை எழுத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ பக்கத்தில் வைத்து, தகப்பன் பெயரை முழுதாக, அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு பெயர் என்றால் நேர்முகத் தேர்வில் விளக்கம் சொல்லியே களைத்துப்போவீர்கள்.

3. விரிவுரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பகல் டேட்டாவைக் கரைக்காதீர்கள். இரவு டேட்டா உள்ள பொதியை எடுத்து, யூடியூபில் தரத்தை 240க்கு இறக்குங்கள். திரையில் எழுத்து மங்கினாலும் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆங்கிலம் ஓடுகிறதா? வேகத்தை 0.75 ஆக்கி, ஆங்கில வசனவரியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

4. முதல் வாரப் பயிற்சி ஸ்க்ராட்ச். கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் செய்யும் எளிய மொழி அது. ஸ்க்ராட்ச் செயலியைக் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே செய்யலாம். அடுத்த வாரத்திலிருந்து சி என்னும் நிரல் மொழி. உலாவியிலேயே எழுத வேண்டும். இதற்கு டேட்டா அதிகம் போகாது, ஆனால் இணைப்பு அறுந்துகொண்டிருந்தால் வேலை நடக்காது. ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டுக்குள் சிக்னல் நிற்காதவர்கள் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்.

சேர்வது சுலபம், முடிப்பதுதான் பாடு. 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடநெறியில் சுமார் 160,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். ஆகவே ஒரே நேரத்தில் ஐந்தில் பதியாதீர்கள். ஊரில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, ரியூஷனுக்குப் போவதுபோல் நாள் குறித்துப் படியுங்கள்.

பிற்சேர்க்கை: திருமணத்துக்குப் பின் கணவர் பெயரில் அட்டை எடுத்த சகோதரி ஒருவர், எந்தப் பெயரை எழுதுவது என்று கேட்டிருந்தார். இப்போது கையிலிருக்கும் அட்டையில் உள்ளதையே எழுதுங்கள், தங்கச்சி. பள்ளிச் சான்றிதழில் பழைய பெயர் இருந்தால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது திருமணச் சான்றிதழின் பிரதியையும் இணைத்துவிடுங்கள்.