புயல் போன மறுநாளுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் அன்று இரவு யாரும் கண்மூடவில்லை. பயந்தது அந்த ஒரு ராத்திரிதான். பட்ட பாடெல்லாம் அதற்கு அப்புறம்.

மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்க, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் போர் மோட்டார் எப்படி ஓடும்? வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர்கள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டு அடிபம்பை அதற்கு இரண்டு வருடம் முன்புதான், "மோட்டார் இருக்கும்போது இது எதற்கு" என்று கழற்றிப் போட்டிருந்தோம். குடத்தோடு நின்ற அம்மா அந்தக் குழாய்க் குழியையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு நாளைக்கு மட்டும் தயாராவதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. ரெண்டு மெழுகுவர்த்தி, ஒரு பாக்கெட் பிரெட், பால் என்று வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளைக்கு 15 லிட்டராவது வேண்டும். ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 20 லிட்டர் கேன் ஆறு. மாடியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியைப் புயலுக்கு முன்பே விளிம்புவரை நிரப்பிவிடுங்கள். தண்ணீருக்குத் தண்ணீர் ஆயிற்று. காலித் தொட்டி காற்றில் பறந்துபோய் அடுத்த வீட்டு ஓட்டில் விழாமலும் இருக்கும். டவர் விழுந்தால் போனில் பணம் அனுப்ப முடியாது, அதனால் பத்து, இருபது, ஐம்பதாகச் சில்லறை வையுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை 15 நாளுக்கு வாங்கிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இருந்தால் ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம். மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, உள்ளே நனையாமல் வைத்தால் ஓரளவு குளிர்ச்சி கிடைக்கும்.

அடுத்தது, "புயல் நம்ம பக்கம் வரல" என்று அலட்சியமாக இருப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா அருகே. மூழ்கியது சென்னை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. புயல் ஓய்ந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. அதனால் டிவியில் புயலின் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் மாவட்டத்துக்கு என்ன நிற எச்சரிக்கை என்று பாருங்கள். மழைக்கு ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். அணைக்குக் கீழே ஆற்றோரம் இருப்பவர்கள் தண்ணீர் திறப்பு அறிவிப்பையும் கேட்க வேண்டும். உங்கள் ஊரில் தூறல்கூட இல்லாமலே வெள்ளம் வரும்.

காற்று நின்றதும் வெளியே வருவது உயிரையே வாங்கிவிடும். புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, மேலே வரும்போது திடீரென்று எல்லாம் அமைதியாகிவிடும். விழுந்த மரத்தைப் பார்க்கவும் ஓட்டைச் சரிசெய்யவும் ஆட்கள் கிளம்புவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும். முதல் காற்றில் பாதி சாய்ந்த மரமெல்லாம் அப்போதுதான் விழும். வானிலை மையம் கடந்துவிட்டது என்று சொல்லும்வரை உள்ளேயே இருங்கள்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எச்சரிக்கை வந்ததுமே முற்றிய குலைகளையும் அடி மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். தலைக்கனம் குறைந்தால் மரம் தாக்குப்பிடிக்க வாய்ப்பு கூடும். கஜாவுக்கு முன்பு "நல்ல காயாச்சே, இன்னும் பத்து நாள் இருக்கட்டும்" என்று விட்டவர்களில் நாங்களும் உண்டு. மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட மறக்கவே வேண்டாம். கட்டிய இடத்திலேயே அவை செத்துக் கிடப்பதைப் பார்க்கும் கொடுமை யாருக்கும் வேண்டாம்.

பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே மெயின் சுவிட்ச் ஆஃப். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. போனில் சார்ஜ் இருக்கும்போதே சுவரில் எழுதி வையுங்கள். கூரை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு என்றால் பகல் வெளிச்சத்திலேயே முகாமுக்குப் போய்விடுங்கள். இருட்டில், காற்றில், வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

கஜாவுக்கு அடுத்த மாதமே அந்தக் குழியில் திரும்ப அடிபம்பு வைத்தோம். ஐப்பசி பிறந்தால் அதற்கு வாஷர் மாற்றுவது இப்போது வீட்டு வழக்கமாகிவிட்டது. பத்து அடி அடித்துத் தண்ணீர் வருகிறதா என்று அம்மாவே நின்று பார்ப்பார்.