சூப்பர் மேரியோ பிரதர்ஸ்: 32 ஸ்டேஜில் 8 மட்டும் ஆடி முடிப்பது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கன்சோல் கேம் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் மேரியோ என்பேன். புது மேரியோ இல்லை. 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்த முதல் சூப்பர் மேரியோ பிரதர்ஸ். அதற்கப்புறம் பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் என்று என்னென்னவோ ஆடியாகிவிட்டது. ஷேடோ ஆஃப் தி கொலாசஸும் பிரெத் ஆஃப் தி வைல்டும் இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. முதலிடத்தில் மட்டும் மாற்றமில்லை.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்த பலருக்கும் இந்த ஆட்டம் நிண்டெண்டோ என்ற பெயரோடு வரவில்லை. 'டிவி கேம்' என்று விற்ற நகல் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், மேலே செருகும் கேசட். கேசட்டின் மேல் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும்; உள்ளே ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வரும். எங்கள் தெருவில் மேரியோ ஆடாத பையன் இல்லை, கடைசிவரை போன பையனும் இல்லை. ஆட்டத்தின் முடிவில் காத்திருக்கும் இளவரசியை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது.

இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் கை வேகம் போதாததில்லை. இரண்டு விஷயம் தெரியாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒன்று, பி பட்டனை எப்படிப் பிடிப்பது என்பது. இன்னொன்று, கேம் ஓவர் ஆனாலும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடரலாம் என்பது. இந்த இரண்டும் தெரிந்தால் புதிதாக ஆடுகிறவர்கூட இரண்டு மூன்று மாலைகளில் முடித்துவிடலாம்.

ஆடுவதற்கு முன்

ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் வரும் பழைய ஆட்டங்களின் தொகுப்பிலேயே இது இருக்கிறது. செத்தால் சில நொடி பின்னோக்கி ஓட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. முதல் முறை அதைத் தொடாமல் ஆடிப் பாருங்கள் என்பேன், வற்புறுத்த மாட்டேன்.

பழைய டிவி கேம் பெட்டி பரணில் கிடந்தால் அதுவும் போதும். கேசட்டை ஊதாதீர்கள். ஊதியதும் வேலை செய்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஊதியது அல்ல, கழற்றி மறுபடி செருகியது. வாயின் ஈரம் பின்களில் களிம்பு ஏற்றும். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் செருகுங்கள்.

எதில் ஆடினாலும் டிவியில் 'கேம் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள். இப்போதைய டிவிகள் படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நீங்கள் குதித்ததற்கும் மேரியோ குதிப்பதற்கும் நடுவில் விழும் அந்த இடைவெளியில் பாதி உயிர் போய்விடும்.

படி 1: கட்டை விரலைப் படுக்க வையுங்கள்

சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் செய்த தப்பு இதுதான். ஒரு விரலால் ஏ பட்டனைக் குத்துவோம், அப்புறம் விரலைத் தூக்கி பி பட்டனைக் குத்துவோம். ஏ குதிக்க, பி ஓட. இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தினால் ஓடிக்கொண்டே குதிக்க முடியாது.

வலது கட்டை விரலின் நுனியை பி மேல் வைத்து அழுத்தியபடியே இருங்கள். ஏ அதற்கு வலப்பக்கம் இருக்கும். குதிக்க வேண்டும் என்றால் விரலைத் தூக்காமல், விரலின் அடிப்பக்கத்தை ஏ மேல் சாயுங்கள். சப்பாத்திக் கட்டையை லேசாக உருட்டுவது போல. முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருக்கும், பிறகு கையே பழகிவிடும். ஸ்டேஜை முடிக்கும் எண்ணமே இல்லாமல் 1-1இல், அதாவது முதல் வேர்ல்டின் முதல் ஸ்டேஜில், இதை மட்டும் பழகுங்கள்.

பழகும்போது நான்கு விஷயம் கண்ணில் படும். ஏ பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உயரம். ஓடி வந்து குதித்தால் இன்னும் உயரம். காற்றில் இருக்கும்போதும் மேரியோவைக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பலாம். ஒரு செங்கல் அகல இடைவெளி என்றால் குதிக்கவே வேண்டாம்; முழு வேகத்தில் ஓடினால் அதன் மேலேயே கடந்துவிடுவார். திரை இடப்பக்கம் திரும்பாது என்பதையும் மனதில் வையுங்கள். விட்டுவந்த காளானுக்காகத் திரும்பிப் போக முடியாது.

படி 2: 1-1, அவசரம் வேண்டாம்

இந்த ஒரு ஸ்டேஜை மட்டும் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். ஏனென்றால் இது ஒரு ஸ்டேஜ் மட்டுமல்ல, வாத்தியாரும்கூட. எதிரே நடந்து வரும் முதல் எதிரியான கூம்பா உங்களைக் கொன்றால்தான் குதிக்க வேண்டும் என்று தெரியும். அதைத் தாண்டியதும் இருக்கும் செங்கல் வரிசையில் முதல் கேள்விக்குறிக் கட்டையை முட்டினால் காளான் வரும். அது வலப்பக்கம் ஓடி, கீழே விழுந்து, குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கியே வரும். கூம்பாவிடம் சூடு பட்டவர் இதற்கும் பயந்து குதிப்பார். தலைக்கு மேலே கட்டை இருப்பதால் தட்டிக் கீழே வந்து பெரும்பாலும் காளான் மேலேயே விழுவார். பெரிய மேரியோ ஆகிவிடுவார். இது தற்செயல் இல்லை. வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவே பின்னாளில் இதை விளக்கியிருக்கிறார்.

நான்காவது குழாய்க்கு மேல் நின்று கீழ் அம்புக்குறியை அழுத்துங்கள். நாணய அறைக்குப் போய் ஸ்டேஜின் கடைசிப் பகுதியில் வெளியே வருவீர்கள். உள்ளே போகாமல் அந்தக் குழாயைத் தாண்டினால், முதல் பள்ளத்துக்குச் சற்று முன்னால் ஒன்றுமில்லாத இடத்தில் குதித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கட்டை ஒன்று தலையில் இடிக்கும், பச்சைக் காளான் வரும். அது ஒரு லைஃப்.

கொடிக் கம்பத்தின் உச்சியைப் பிடித்தால் 5000 பாயிண்ட். பிடிக்காவிட்டால்? ஒன்றும் கெட்டுவிடாது. பாயிண்ட் இந்த ஆட்டத்தில் எதையும் வாங்கித் தராது, 100 நாணயம் சேர்ந்தால்தான் ஒரு லைஃப். சில சமயம் வாணவேடிக்கை வருவதும் உங்கள் திறமைக்கு இல்லை. கம்பத்தைப் பிடிக்கும்போது மிச்ச நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3 அல்லது 6 ஆக இருந்தால் அத்தனை வெடி வெடிக்கும். இதற்காக நானும் என் அண்ணனும் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

நின்று பார்க்க நேரமிருந்தால் மேகத்தையும் கீழே இருக்கும் புதரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம், நிறம்தான் வேறு. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது.

படி 3: 1-2இல் கூரை மேல் ஏறுங்கள்

சுரங்க ஸ்டேஜ். கடைசிப் பகுதியில் மேலே போய்க்கொண்டே இருக்கும் லிஃப்டுகள் வரும். அதில் ஏறி, வெளியே போகும் குழாய்ப் பக்கம் இறங்காமல், திரையின் உச்சிக்குப் போய் செங்கல் கூரை மேல் குதியுங்கள். மேரியோவின் தலை திரைக்கு வெளியே போகிற மாதிரி இருக்கும், கவலைப்படாதீர்கள். அப்படியே வலப்பக்கம் ஓடினால் வெளியேறும் குழாயைத் தாண்டி ஓர் அறையில் விழுவீர்கள். மூன்று குழாய், மேலே 4, 3, 2 என்று எண்கள். இதுதான் வார்ப் ஸோன்; எந்த எண்ணுக்குள் போகிறீர்களோ அந்த வேர்ல்டுக்கு நேராகத் தாவிவிடலாம். இடது ஓரத்தில் இருக்கும் 4க்குள் போங்கள்.

லைஃப் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டால் நடுவில் இருக்கும் 3க்குப் போகலாம். 3-1 முடியும் இடத்தில் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையை மிதித்து, ஓடு படியில் மோதித் திரும்பும் தாளத்துக்கு அதன் மேலேயே குதித்துக்கொண்டிருந்தால் லைஃப் ஏறிக்கொண்டே போகும். பேராசை வேண்டாம். கணக்கு 127ஐத் தாண்டினால் அந்த எண்ணை ஆட்டம் மைனஸாக எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை சாகும்போது நேராக கேம் ஓவர்தான். ஒரு பழமொழியை நிரூபிக்கவே செய்த பிழை மாதிரி இருக்கும். எப்படியும் அடுத்த படி தெரிந்துவிட்டால் இந்த வேலையே தேவையில்லை.

படி 4: ஏ + ஸ்டார்ட்

கேம் ஓவர் ஆகித் தொடக்கத் திரை வந்ததும் ஏ பட்டனைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்துங்கள். எந்த வேர்ல்டில் செத்தீர்களோ அதன் முதல் ஸ்டேஜிலிருந்து மூன்று லைஃபோடு தொடங்கும். 4-2இல் செத்தால் 4-1, 8-4இல் செத்தால் 8-1.

இது திருட்டு வேலை இல்லை, ஆட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். டிவி கேம் பெட்டியோடு வந்த தாளில் சீன எழுத்து மட்டும் இருந்தது. பெட்டியை அணைத்தால் இந்த நினைவும் போய்விடும், அதனால் கரண்ட் போகாத நாளாகப் பாருங்கள். நகல் ஜாய்ஸ்டிக்கில் டர்போ பட்டனும் இருக்கும். அதைப் பிடிக்காமல் சாதா ஏ பட்டனையே பிடியுங்கள்.

படி 5: 4-1, 4-2

4-1இல் மேகத்தில் உட்கார்ந்து முள் உருண்டை எறியும் லாகிட்டு வருவான். நின்று சண்டை போட்டால் முள் சேர்ந்துகொண்டே போகும், முள்ளை மிதிக்கவும் முடியாது. பி பட்டனை விடாமல் ஓடுங்கள்.

4-2 மறுபடி சுரங்கம். இங்கே மறைந்திருக்கும் செடிக்கொடியைக் கண்டுபிடிக்க வேண்டும். லிஃப்டுகளைத் தாண்டியதும் உயரத்தில் மூன்று செங்கல் வரிசையாக இருக்கும், எட்டாத மாதிரி தோன்றும். அதன் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் குதித்துப் பாருங்கள். மறைந்த கட்டைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். அவற்றின் மேல் ஏறிச் செங்கல்களை முட்டினால் ஒன்றிலிருந்து கொடி முளைத்து மேலே போகும். ஏறுங்கள். வலப்பக்கம் ஓடினால் 8, 7, 6 என்று குழாய்கள். கொடியை விட்டுவிட்டு இங்கேயும் கூரை மேல் ஓடலாம்தான், ஆனால் அந்த வழி 5க்கு மட்டும் போகும். 8க்குள் போங்கள்.

படி 6: எட்டாவது வேர்ல்டு

உண்மையான ஆட்டம் இங்கேதான். மற்ற வேர்ல்டுகளில் ஸ்டேஜின் பாதியைத் தாண்டிச் செத்தால் பாதியிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு வேர்ல்டின் கடைசி ஸ்டேஜான கோட்டைகளில் அது கிடையாது, எட்டில் எங்குமே கிடையாது. ஒவ்வொரு சாவும் ஸ்டேஜின் ஆரம்பத்துக்கு. நிறையச் சாவீர்கள். ஏ + ஸ்டார்ட் இருக்கிறது.

8-1 நீளம், நேரம் குறைவு. இங்கே நிதானம் பார்த்தால் நேரமே கொன்றுவிடும். 8-2இல் லாகிட்டுவோடு பீரங்கிக் குண்டுகளும் சேரும், குண்டை மிதிக்கலாம்.

8-3 சுத்தியல் சகோதரர்களின் ஸ்டேஜ். இரண்டிரண்டு பேராக நின்று சுத்தியல் எறிவார்கள். நான் அதிகம் செத்தது இங்கேதான். அவர்களும் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருப்பார்கள். எதிரில் வருபவன் மேலே எழும்பும் நொடியில் அடியில் புகுந்து ஓடிவிடுங்கள். தயங்கி நின்றால் சுத்தியல் கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

8-4 குழாய் வழித்தடம். தப்பான குழாயில் போனாலும், சரியானதைத் தாண்டி ஓடினாலும் பார்த்த இடமே மறுபடி வரும். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாயில் நுழைந்ததும் புது இடம் வந்தது என்பது மட்டும் போதும். ஓரிடத்தில் குழாய் அந்தரத்தில் நிற்கும், எட்டாது. அதற்குப் பக்கத்திலும் மறைந்த கட்டை உண்டு, 4-2இல் செய்ததையே செய்யுங்கள். கொஞ்ச தூரம் நீந்தவும் வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு சுத்தியல் சகோதரன், அவனைத் தாண்டினால் கடைசி வில்லன் பவுசர்.

பவுசரைக் கொல்ல வேண்டியதில்லை. பூ சாப்பிட்டு நெருப்பு எறியும் மேரியோவாக இருந்தால் ஐந்து நெருப்பில் விழுந்துவிடுவான். அப்படி வந்துசேர்வது அபூர்வம். பெரிய மேரியோவாக இருந்தால் அவன் மேலேயே மோதுங்கள். சின்னவராகி மின்னிக்கொண்டிருக்கும் சில நொடிகளில் எதுவும் படாது, அந்த நேரத்தில் அவனுக்குள் புகுந்து ஓடி, பாலத்தின் முனையில் இருக்கும் கோடாரியைத் தொட்டுவிடலாம். சின்ன மேரியோ என்றால் அவன் துள்ளும்வரை காத்திருந்து அடியில் ஓடுங்கள்.

கோடாரியைத் தொட்டதும் பாலம் அறுந்துவிடும். இளவரசி இரண்டு வரி பேசுவார், பி பட்டனை அழுத்தச் சொல்வார். அழுத்தினால் தொடக்கத் திரையில் பி தட்டித் தட்டி எந்த வேர்ல்டிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் கூம்பாக்கள் இருந்த இடத்தில் எல்லாம் இப்போது நெருப்புக்கும் அசையாத கறுப்பு ஓட்டு வண்டுகள் நடந்துகொண்டிருக்கும்.