இருவராக மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்ற: செலவுத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிளில் நீண்ட பயணம் புறப்பட விரும்பும் கணவன் மனைவியர் கல்லடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் அவ்வப்போது என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். கையில் ஒரு கொப்பி இருக்கும். ஒரு நாளைக்குப் பெற்றோல் இவ்வளவு, அறை வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு என்று எழுதிக் கூட்டி, நாட்களால் பெருக்கி, அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார்கள். கூட்டல் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் உண்மையில் பணம் போகும் இனங்களில் பாதி அந்தப் பக்கத்திலேயே இருக்காது.

வண்டியைச் சர்வீஸ் செய்துவிட்டுப் போங்கள், எல்லாக் காசையும் ஒரே பையில் வைக்காதீர்கள் என்பன எவருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே எழுதவில்லை. புத்திசாலிகளும் கவனமானவர்களும் கூடத் திரும்பத் திரும்பச் செய்கின்ற தவறுகளை மட்டுமே சொல்கிறேன்.

முதல் கிலோமீற்றருக்கு முந்திய செலவை மறப்பது

நாம் தீவில் இருக்கிறோம் என்பதைக் கணக்குப் போடும்போது பலர் மறந்துவிடுகிறார்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கான சேவை. அதில் வண்டியையும் ஏற்றிவிடலாம் என்று நம்பித் திட்டம் போட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். வண்டி பெட்டிக்குள் அடைக்கப்பட்டு, கொழும்புத் துறைமுகம் வழியாகக் கடலிலோ கட்டுநாயக்கவிலிருந்து விமானத்திலோதான் போக வேண்டும்.

அந்தப் பெட்டியின் அளவுதான் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. விமானச் சரக்கில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வார்கள். உண்மையான எடை அதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே அதை எடுப்பார்கள். வண்டியை அப்படியே நிறுத்தி, 220 சென்ரிமீற்றர் நீளம், 80 அகலம், 120 உயரத்தில் பெட்டி அடித்தால் 352 கிலோவுக்குக் கட்டணம் விழும். முன்சில்லைக் கழற்றி, ஹேண்டிலைத் தளர்த்தித் தாங்கியோடு சேர்த்துக் கட்டி, கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு 190, 70, 105 என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் அது 233 கிலோவாகிவிடும். அரை நாள் வேலையில் 119 கிலோவுக்கான கட்டணம் மிச்சமாகிறது. கடல்வழியில் கன மீற்றர் கணக்கு என்பதால் அங்கும் இதே ஆதாயம் உண்டு.

கடல்வழியின் இன்னொரு செலவு இறங்கும் துறைமுகத்தில் காத்திருக்கிறது. கொழும்பில் முகவர் சொல்லும் தொகை மலிவாகத் தோன்றும். அங்கே இறக்குகூலி, ஆவணக் கட்டணம், களஞ்சிய வாடகை, முகவர் கூலி என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அவை கப்பல் கட்டணத்தையே தாண்டுவதும் உண்டு. “அந்தப் பக்கம் வண்டியைக் கையில் எடுக்கும்வரை மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உத்தரவாதப் பணத்தைக் கைக்காசாக எண்ணுவது

இந்தத் தவறைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இன்றுவரை இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குச் சொந்த வண்டியைக் கொண்டுபோவதற்குக் கார்னே எனப்படும் சுங்கப் புத்தகம் தேவை. அது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். கொண்டுபோன வண்டியை அந்த நாட்டில் விற்காமல் வெளியே எடுத்து வருவோம் என்பதற்கு அது சாட்சி. வண்டி வெளியே வராவிட்டால் இறக்குமதி வரியை அந்நாட்டுச் சுங்கத்துக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு புத்தகத்தை வழங்கிய வாகனச் சங்கத்தின் தலையில் விழும் என்பதால், சங்கம் நம்மிடம் முன்கூட்டியே ஈட்டுப் பணமோ வங்கி உத்தரவாதமோ கேட்கிறது. தொகை வண்டியின் பெறுமதியையும் நாம் போகும் நாடுகளையும் பொறுத்தது. சில நாடுகளுக்கு அது வண்டியின் விலையைப் போலப் பல மடங்காகும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த வண்டிகளின் விலை ஏறிக்கிடந்ததால் ஈட்டுக் கணக்கும் சேர்ந்தே ஏறியது.

ஒரு பேச்சுக்கு, வண்டியின் பெறுமதி 8 இலட்சம் ரூபாய், கேட்கப்படும் உத்தரவாதம் அதன் இரு மடங்கு என்று வையுங்கள். 16 இலட்சம் ரூபாய் வங்கியில் கட்டுண்டு கிடக்கும். தொடங்குபவர்கள் இதைத் திரும்பிவரும் பணம் என்பதால் செலவுப் பத்தியில் எழுதுவதில்லை, அதுவரை சரி. ஆனால் அடுத்த பக்கத்தில், “அவசரத்துக்குக் கையிருப்பு” என்ற தலைப்பின் கீழ் அதே 16 இலட்சத்தை எழுதிவிடுகிறார்கள். ராஜஸ்தானில் எஞ்சின் பழுதானாலும், மனைவிக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் படுத்தாலும் அந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாயைக் கூட எடுக்க முடியாது. உத்தரவாதத்துக்கு வங்கி அறவிடும் கட்டணமும் வேறாக இருக்கிறது. நகையை அடகு வைத்து அந்தக் காசை வைப்பில் போடுபவர்கள் அடகுக் கடைக்கு மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டே நாடு சுற்றுகிறார்கள்.

நம் பக்கத்தில் இந்தத் தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. கிழக்கில் வீடு பெண்ணுக்குப் போகும். தாய் தன் வீட்டையோ வளவில் ஒரு துண்டையோ மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பார். ஆகவே இளம் தம்பதியரிடம் காணி உறுதி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் மனைவியின் பெயரில் இருக்கும். உத்தரவாதத்துக்கு வங்கியில் வைக்கப்படுவதும் அந்த உறுதிதான். வண்டி கணவன் பெயரில், புத்தகமும் கணவன் பெயரில், ஈடு மட்டும் மனைவியின் வீடு.

அம்பாறை மாவட்டத்துத் தம்பதியர் இருவர் அப்படித்தான் புறப்பட்டார்கள். இந்தியாவில் நன்றாக ஓடி, சுனௌலி வழியாக நேபாளத்துக்குள் போனார்கள். சுனௌலியில் எல்லை என்பது கடைகளும் லொறிகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கடைத்தெரு. கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் அலுவலகமும் சுங்க அலுவலகமும் வேறுவேறு இடங்கள். கடவுச்சீட்டுகளில் முத்திரை வாங்கியவர்கள், சுங்கத்தைத் தேடாமலேயே கூட்டத்தோடு மறுபக்கம் போய்விட்டார்கள். பிறகு ரக்சௌல் வழியாக மீண்டும் இந்தியாவுக்குள் வந்தபோது புத்தகத்தில் புதிய பக்கம் ஒன்று திறக்கப்பட்டது. சென்னையில் வண்டியைக் கப்பலில் ஏற்றியபோது அந்தப் புதிய பக்கம் ஒழுங்காக முடிக்கப்பட்டது. பழைய பக்கம் பாதியில் நின்றது.

கார்னேயின் ஒவ்வொரு பக்கமும் மூன்று பகுதிகளாக இருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது கீழ்ப்பகுதியைக் கிழித்து எடுப்பார்கள், வெளியேறும்போது நடுப்பகுதியை. மேலே உள்ள அடிக்கட்டை புத்தகத்திலேயே தங்கும். அந்த அடிக்கட்டையில் நுழைவு முத்திரை, வெளியேற்ற முத்திரை என இரண்டும் இருந்தால்தான் பக்கம் முடிந்தது. இவர்களுடைய முதல் அடிக்கட்டையில் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. ஏட்டின்படி வண்டி இந்தியாவில் இன்னும் நிற்கிறது. கண்ணுக்கு முன்னால் அது அக்கரைப்பற்று வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

இந்தச் சிக்கலுக்கு வழி உண்டு. வண்டி நாட்டுக்குள் திரும்பிவிட்டது என்று சுங்கம் பார்வையிட்டுத் தரும் சான்றைச் சமர்ப்பிக்கலாம். ஆனால் அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தனியார் வாகனங்களின் தற்காலிக இறக்குமதி பற்றிய 1954ஆம் ஆண்டு நியூயோர்க் உடன்படிக்கையின்படி, புத்தகம் காலாவதியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வெளிநாட்டுச் சுங்கம் தன் கோரிக்கையை அறிவிக்கலாம். அதுவரை உத்தரவாதத்தை விடுவிக்க எவரும் அவசரப்பட மாட்டார்கள். அந்தப் பெண் ஊர் திரும்பியதும் அதே உறுதியின் மேல் சிறு கடன் எடுத்துத் தன் தையல் கடையை மீண்டும் திறக்க எண்ணியிருந்தார். உறுதி வங்கியின் பெட்டகத்தில் இருந்தது. கடை பூட்டியே கிடந்தது. ஒரு முத்திரைக்குச் சில நிமிடங்கள் நின்றிருந்தால் போதும் என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உத்தரவாதத் தொகையைக் கொப்பியில் தனிப் பக்கத்தில் எழுதி, அதன் மேல் “தொட முடியாது” என்று குறியுங்கள். அவசரப் பணம் அதற்கு வெளியே இருக்கட்டும். ஈட்டைக் குறைக்க வேண்டுமானால் பாதையைத் திருத்துங்கள்: தொகையை உயர்த்தும் ஒரு நாட்டை விட்டுவிட்டாலே கணக்கு மாறும் என்பதால், நாடுகளின் பட்டியலைச் சங்கத்திடம் கொடுக்கும் முன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொரு எல்லையிலும் கணவன் வண்டியைப் பார்த்துக்கொள்ள, மனைவி புத்தகத்தை வைத்திருக்கட்டும். ஈடு யாருடையதோ அவர் அடிக்கட்டையைப் பார்த்து, எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் சரியா, முத்திரையில் திகதி தெரிகிறதா என்று உறுதிசெய்யும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இருவர் என்பதால் இரண்டால் பெருக்குவது

பெற்றோல் ஒன்று, அறை ஒன்று, வண்டிக் காப்புறுதி ஒன்று. சாப்பாடு, விசா, மருத்துவக் காப்புறுதி என்பன இரண்டு. வண்டி பெட்டியில் போகும் ஒவ்வொரு முறையும் விமானச்சீட்டும் இரண்டு; வண்டி வந்து சேரும்வரை துறைமுக நகரத்தில் தங்கும் நாட்களும் கூடவே வரும், அந்த நகரங்களில் அறைகள் மலிவாகக் கிடைப்பதில்லை. இருவரின் பாரமும் பெட்டிகளின் பாரமும் பின்சில்லில் இறங்குவதால் பின் ரயரும் செயினும் பின் ஷொக்கும் தனியாகப் போகிறவரின் கணக்கைவிட விரைவில் தேயும். ஒவ்வொரு இனத்தையும் “ஒன்றா, இரண்டா” என்று கேட்டுத் தனித்தனியாக எழுதுங்கள்.

அறுகம்பையில் கேட்ட நாட்கணக்கை நம்புவது

ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அறுகம்பைக்கு வரும் ஐரோப்பியப் பயணிகளிடம் பேசிவிட்டு, அவர்கள் சொன்ன ஒருநாள் செலவை அப்படியே எழுதி வருகிறார்கள். அவர்களுடைய கடவுச்சீட்டுக்குப் பல எல்லைகள் கேள்வியின்றித் திறக்கும், நம்முடையதற்கு அப்படியில்லை. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் ஒருவருக்கு 90 யூரோ, இருவருக்கு 180 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும், வங்கிக் கணக்கில் போதிய பணமும் காட்ட வேண்டும். கிடைத்தாலும் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களே தங்கலாம்.

செலவை ஏற்றுவது கட்டணத்தைவிடக் காலக்கணக்குதான். பயணத் திகதிக்கு ஆறு மாதத்துக்கு மேல் முந்தி விண்ணப்பிக்க முடியாது. பொதுவாக நாம் வசிக்கும் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு எட்டு மாதம் ஆசியாவில் ஓடித் துருக்கியை அடைபவர் அந்த விசாவுக்காக ஊர் திரும்ப வேண்டியிருக்கும். அப்போதும் சில நாடுகளில் வண்டியைக் கொண்டுவந்தவர் வண்டியை விட்டுவிட்டு எளிதில் வெளியேற முடியாது. சுங்கத்தின் அனுமதி தேவை. பயணத்தை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து, இடையில் ஊர் வருவதற்கான விமானச்சீட்டுகளைத் தொடக்கத்திலேயே செலவில் சேர்ப்பதுதான் நம் கடவுச்சீட்டுக்குப் பொருந்தும் முறை.

ரூபாயில் மட்டும் கணக்கு வைப்பது

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது; மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த ஆண்டில் பயணம் குறித்து வைத்திருந்தவர்களின் சேமிப்பு கையிலிருந்தபடியே ஏறக்குறைய பாதியாகிப் போனது. வெளிநாட்டுச் செலவை டொலரில் எழுதி, புறப்படும் மாதத்தின் மாற்று விகிதத்தைப் போட்டு ரூபாயைக் கடைசியில் கணக்கிடுங்கள்.

மாற்றுப் பாதைக்குப் பணம் வைக்காதது

2021 பெப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியன்மார் ஊடாகத் தாய்லாந்துக்குத் தரைவழி போகும் திட்டம் குலைந்தது. 2025 ஏப்ரல் இறுதியில் அட்டாரி எல்லையை இந்தியா மூடியபோது பாகிஸ்தான் வழியாக மேற்கே போகும் திட்டங்களும் நின்றன. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலுள்ள டேரியன் காட்டில் சாலையே இல்லை. வண்டியோடு போகிறவர்கள் அதைப் படகிலோ விமானத்திலோதான் கடக்கிறார்கள். வண்டியை ஒருமுறை விமானத்தில் அனுப்பும் தொகையையும் இருவருக்கான விமானச்சீட்டுத் தொகையையும் சேர்த்து, எந்தச் சூழலிலும் சாப்பாட்டுக்கு எடுக்காத கணக்கில் போடுங்கள்.

சீட்டுக் காசை முன்னால் எடுத்துப் புறப்படுவது

மீதித் தவணைகளை ஊரில் யார் கட்டுவார்?

திரும்பிய பின்னான மாதங்களை எழுதாமல் விடுவது

கொழும்பில் வண்டியை மீட்க மீண்டும் துறைமுகக் கட்டணம் உண்டு. வண்டியின் வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் புதுப்பித்த பின்பே வண்டி மட்டக்களப்புக்கு ஓடி வரலாம். வேலையோ வியாபாரமோ மீண்டும் பிடிபடும்வரை வீட்டுச் செலவுக்குக் குறைந்தது மூன்று மாதத்துப் பணம் தனியாக இருக்கட்டும். கார்னேயில் இலங்கைச் சுங்கத்தின் மீள்நுழைவு முத்திரையைப் பெற்று, புத்தகத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்துமூலப் பற்றுச்சீட்டு வாங்கி, அதன் பிரதியோடு வங்கிக்குப் போய் உறுதியைக் கையில் எடுக்கும் நாள்வரை கொப்பியின் கடைசிப் பக்கத்தை மூடாதீர்கள்.