கைனேஸை அடக்கினால் ஈயின் சிறகில் மாறுவது செல்லின் அளவா, எண்ணிக்கையா? கண்டறியும் முறை

புரத கைனேஸ் என்பது வேறொரு புரதத்தின் மீது பாஸ்பேட்டைப் பொருத்தி அதன் செயலை மாற்றும் நொதி. பழ ஈயில் இன்சுலின் ஏற்பியிலிருந்து ஏகேடி, டார் ஆகிய கைனேஸ்கள் வழியாக எஸ்6 கைனேஸ் வரை செல்லும் தொடர் உணவின் நிலைக்கேற்ப வளர்ச்சியைத் தூண்டுகிறது. ஹிப்போ, வார்ட்ஸ் ஆகிய இரு கைனேஸ்களும் அதற்கு மாறாக வளர்ச்சிக்குக் கடிவாளம் இடுகின்றன. உட்கருவில் வளர்ச்சி மரபணுக்களை இயக்கும் யார்க்கி என்ற புரதம், வார்ட்ஸ் பாஸ்பேட் ஏற்றியதும் செல்லின் உட்கருவுக்குள் நுழையாமல் வெளியே தங்கிவிடுவதால், வார்ட்ஸை அடக்கினால் உறுப்பு பெருக்கிறது. ஆகவே, கைனேஸை நீக்கினால் சிறகு சிறுத்தே தீரும் என்ற எண்ணத்துடன் சோதனையைத் தொடங்க வேண்டாம்.

1993-இல் பிராண்டும் பெரிமனும் வெளியிட்ட கேல்4–யுஏஎஸ் முறை இதற்கு ஏற்றது; இதில் கேல்4 புரதம் இருக்கும் செல்களில் மட்டும், யுஏஎஸ் என்ற டிஎன்ஏ துண்டின் கீழ் வைத்த மரபணு இயங்கும். சிறகின் பின்பாதியில் மட்டும் இயங்கும் என்கிரெய்ல்டு-கேல்4 கொண்ட ஈ இருப்பிலிருந்து (ஆய்வகத்தில் பேணும் மரபு வகை) கன்னிப் பெண் ஈக்களை, 25 பாகை செல்சியஸில் வளர்ப்பதானால் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள், பிரித்தெடுங்கள். பிறகு, ஆராயும் கைனேஸின் உற்பத்தியை அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீட்டு மரபணுவை யுஏஎஸ்ஸின் கீழ்ச் சுமக்கும் ஆண்களுடன் அவற்றை இணையவிடுங்கள். ஈயில் இல்லாத ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) மரபணுவைக் குறிவைக்கும் ஆண்களுடனும் இதே கலப்பைச் செய்தால் அதுவே ஒப்பீட்டுக் குழு. கேல்4 29 பாகையில் வலுவாகவும் 18 பாகையில் மந்தமாகவும் இயங்கும். எனவே இரு குழுக்களும் ஒரே வெப்பநிலையில், ஒரே நாளில் கிண்டிய உணவில் வளர வேண்டும்.

பலரும் சறுக்குவது குப்பியின் நெரிசலில்தான். புழுக்கள் மிகுந்து உணவு குறைந்தால், எந்த மரபணுவையும் தொடாமலேயே இன்சுலின்–டார் தொடர் தணிந்து ஈக்கள் சிறுத்துவிடும். அதைக் கைனேஸின் விளைவு என்று எழுதிவிடுவது எளிது. ஒரு குப்பிக்கு ஐம்பது முட்டைகள் என எண்ணியே இடுங்கள். பெண் ஈக்கள் இயல்பிலேயே பெரியவை என்பதால் பாலினங்களைக் கலந்து அளக்காதீர்கள்.

அளவீட்டுக்குச் சிறகே வழிகாட்டுகிறது, ஏனெனில் அதன் ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு மயிரை உருவாக்கும். சிறகைப் பிடுங்கி, ஆல்கஹாலில் அலசி, கண்ணாடித் தகட்டில் கனடா பால்சத்தில் பதித்துப் படமெடுங்கள். சிறகுக்கு இரு பரப்புகள் உண்டு. நுண்நோக்கியின் குவியத்தை மேற்பரப்பில் மட்டும் நிறுத்தாவிட்டால் இரண்டின் மயிர்களும் கலந்து எண்ணிக்கை பிழைபடும். பின்பாதியில் குறித்த ஒரு சதுரத்தின் பரப்பை அதிலுள்ள மயிர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு செல்லின் பரப்பு வரும். பின்பாதியின் மொத்தப் பரப்பை அதனால் வகுத்தால் செல்களின் எண்ணிக்கை வரும்.

எஸ்6 கைனேஸ் முற்றிலும் அற்ற ஈக்களில் செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை பெரிதும் மாறுவதில்லை. ஹிப்போ அடங்கும்போது எண்ணிக்கை கூடுகிறது. முன்பாதியை உள்ளொப்பீடாகக் கொள்ளலாம் என்றாலும், ஒரு பாதியின் தளர்ச்சி மறுபாதியையும் மந்தமாக்கக்கூடும் என்பதால் ஜிஎஃப்பி குழுவின் சிறகுகளோடும் ஒப்பிடுவது கட்டாயம். மாற்றம் தென்பட்டால், அதே கைனேஸின் வேறொரு பகுதியைக் குறிவைக்கும் இன்னொரு குறுக்கீட்டு இருப்பிலும் அது தோன்றுகிறதா என்று பார்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.