பட்டறை போதும், மேடைத் தேதி கொடுங்கள்: கலைஞர்களுக்கான கூட்டுத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே புதிது புதிதாகக் கூட்டணிகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. நாலைந்து தியேட்டர்கள் (சினிமா அல்ல, நாடகமும் நடனமும் நடக்கும் அரங்குகள்), ஒரு கலை மையம், ஒரு பல்கலைக்கழகம், நகரசபை எல்லாம் ஒன்றுசேர்ந்து, தங்கள் வட்டாரத்தில் இருக்கும் சிறுபான்மை இனக் கலைஞர்களை வளர்க்கப் போகிறோம் என்று கிளம்புகிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது இந்த வேலைகளில் இருக்கிறார்கள். நிதி கேட்டு விண்ணப்பத்தை எழுதி முடித்ததும், "அக்கா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்பிவைப்பார்கள். படித்தால், எங்கள் தலைமுறை ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் இருக்கின்றன.

பெயரைத் தப்பாக அச்சடிப்பது, தீபாவளிக்கு மட்டும் கூப்பிடுவது, பணம் கொடுக்காமல் "நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று சொல்வது, இவையெல்லாம் தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல மனதோடு வேலை செய்கிறவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மேடையைத் தீர்மானிப்பவர் இல்லாத கூட்டணி

இதை நீளமாகவே சொல்லப் போகிறேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு தியேட்டருக்குள் இரண்டு பிரிவுகள் உண்டு. எந்த நாளில் எந்த அரங்கில் எந்த நிகழ்ச்சி என்று முடிவு செய்வது நிகழ்ச்சிப் பிரிவு. பள்ளிக்கூடங்கள், முதியோர், அக்கம்பக்கத்து மக்கள் என்று வெளியே போய் வேலை செய்வது சமூகத் தொடர்புப் பிரிவு. சிறுபான்மை இனக் கலைஞர்களுக்கான திட்டம் என்று சொன்னதும், கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர் இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார். பெரும்பாலும் தங்கமான மனிதர், கலைஞர்கள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ஆனால் மேடையின் நாட்காட்டி அவர் கையில் இல்லை. அவரால் கொடுக்க முடிவது ஒத்திகை அறை, பட்டறை, வழிகாட்டி ஒருவரோடு சந்திப்பு, பள்ளிக்கூட நிகழ்ச்சி. அவரால் முடிந்தவற்றை வைத்தே திட்டமும் கட்டப்பட்டுவிடுகிறது.

வட இங்கிலாந்தில் ஒரு கூட்டுத் திட்டத்தில் பரதநாட்டியக் கலைஞர் ஒருவர் சேர்ந்தார். சென்னையில் அரங்கேற்றம் முடித்து, மார்கழி சீசனில் சபாக்களில் ஆடி, இங்கே வந்தபின் மாணவிகளையும் மேடையேற்றியவர். திட்டத்தில் அவருக்குக் கொடுத்த அடைமொழி 'வளரும் கலைஞர்'. முதல் நாள் தன்னம்பிக்கைப் பயிற்சி. அடுத்தது சமூக ஊடகத்தில் பதிவு போடுவது எப்படி என்ற வகுப்பு. அப்புறம் தன் கலையை இரண்டே நிமிடத்தில் விளக்கிச் சொல்லப் பழகுவது. எல்லாவற்றுக்கும் தன் நடன வகுப்புகளை ரத்து செய்துவிட்டு வந்தார், நோட்டில் குறித்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சின்ன ஸ்டூடியோவில், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். நானும் போயிருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற வர்ணத்தைப் பத்து நிமிடத்தில் எங்கே அடக்குவது? ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, பதிவு செய்த இசைக்கு ஆடினார். யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மற்றக் கலைஞர்கள், அவர்களுடைய வீட்டார், திட்டத்தை நடத்தியவர்கள், ஒரு புகைப்படக்காரர். முன்வரிசை நாற்காலிகளில் தியேட்டர்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கென்று ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் அப்படியே இருந்தன. ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது, ஏனென்றால் அடுத்த சீசனின் நாட்கள் அதற்கு முன்பே நிரம்பிவிட்டன.

திட்ட அறிக்கையின் அட்டையில் அவருடைய அரைமண்டிப் படம் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தியேட்டர்களிலிருந்து அவருக்கு வந்த ஒரே அழைப்பு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முத்திரை சொல்லித்தருவதற்கு.

பணம் எங்கே போயிற்று என்று பாருங்கள். பயிற்சி கொடுத்தவருக்கு, வழிகாட்டிக்கு, ஒருங்கிணைப்பாளருக்கு, மதிப்பீட்டு அறிக்கை எழுதியவருக்கு. யாருடைய வளர்ச்சிக்காகத் திட்டமோ அவருக்குத்தான் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. அவரிடம் இல்லாதது திறமையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. வெளிச்சமும் இசைக்குழுவும் உள்ள ஒரு மாலை நேர மேடைதான் அவருக்கு இல்லாமல் இருந்தது. அதை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

இந்த நாட்டுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. கலைகளுக்கு அரசு நிதியைப் பகிர்ந்து கொடுக்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் உள்ளிட்ட அமைப்புகளுக்காக எழுத்தாளர் நசீம் கான் 1976-இல் தயாரித்த அறிக்கையே, குடியேறிய சமூகங்களிடம் கலை செழிப்பாக இருக்கிறது, அதற்கு இடமும் ஆதரவும்தான் கிடைக்கவில்லை என்று எடுத்துக்காட்டியது. பிறகு 2001-இல் நாட்டிங்ஹாமில் நடந்த எக்லிப்ஸ் மாநாடு, தியேட்டர் உலகத்துக்குள் இருக்கும் இனவெறியை நேருக்கு நேர் பேசியது. அதன் தொடர்ச்சியாக லண்டனுக்கு வெளியே இருந்த தியேட்டர்கள் சில கைகோத்து, 2003 முதல் எக்லிப்ஸ் என்ற பெயரிலேயே கறுப்பினக் கலைஞர்களின் நாடகங்களைத் தயாரித்து ஊர் ஊராகக் கொண்டுபோயின. அந்தக் கூட்டணியில் இருந்தவர்கள் கொண்டுவந்தது தங்கள் மேடையை. இப்போது வருகிற விண்ணப்பங்களில் நான் தேடுவதும் அதைத்தான்.

ஆகவே முதல் கூட்டத்துக்கே நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வர வேண்டும். வர நேரமில்லை என்றால் அந்தத் தியேட்டரின் பெயரைக் கூட்டாளி என்று எழுதாதீர்கள். தியேட்டர்கள் பல மாதங்களுக்கு முன்பே, சில ஒரு வருடத்துக்கும் முன்பே, நாட்களை நிரப்பிவிடும். எனவே நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் திட்டத்தைத் தொடங்க வேண்டும். "பென்சில் போட்டு வைத்திருக்கிறோம்" என்று, அதாவது நாளை உறுதி செய்யாமல் குறித்து மட்டும் வைத்திருப்பதாகச் சொன்னால் மயங்காதீர்கள். வசூல் தருகிற பெரிய நிகழ்ச்சி ஒன்று கேட்டால் பென்சில் அழிந்துவிடும். "மகிழ்ச்சியோடு ஆதரிக்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டாம். எந்த அரங்கு, எந்த வாரம், டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் தருகிற உறுதித் தொகை எவ்வளவு என்று மூன்று விவரங்கள் உள்ள கடிதம் வேண்டும்.

தேதி கையில் இருந்தால் பயிற்சிக்கும் ஒரு பொருள் வந்துவிடும். அந்த நடனக் கலைஞருக்கு அப்போது தேவைப்படுவது, ஒளியமைப்பாளர் ஒருவர் கூடவே இருந்து வேலை செய்கிற ஒன்றிரண்டு நாட்கள், நேரடி இசைக்குழுவுக்கான செலவு, சுற்றுப்பயண பட்ஜெட் போடத் தெரிந்த ஒரு ஆள். இதையெல்லாம் அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

வசூலில் பங்கு

"வசூலில் 80 சதவீதம் உங்களுக்கு" என்று சொன்னால் தாராளமாகத்தான் தெரியும். இருநூறு இருக்கைகள் உள்ள அரங்கில், முதல் தடவை நடக்கிற நிகழ்ச்சிக்கு 12 பவுண்டு டிக்கெட் 40 விற்றது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 480 பவுண்டு, கலைஞரின் பங்கு 384 பவுண்டு. கிரெடிட் கார்டுக் கட்டணம், வரி என்று ஏதாவது முதலில் கழித்தால் இன்னும் குறையும். இதில் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் நான்கு பேருக்கும் கொடுத்து, வண்டிச் செலவையும் பார்க்க வேண்டும். புதிய பார்வையாளர்களைத் தேடிப் பிடிக்கிற ஆபத்து முழுவதும் கலைஞரின் தலையில் விழுகிறது. அந்த ஆபத்தைத் தாங்கத்தான் கூட்டணி. உறுதித் தொகையாகக் கேளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஆர்ட்ஸ் கவுன்சிலின் லாட்டரி நிதித் திட்டத்தில் 1,000 பவுண்டிலிருந்து 1,00,000 பவுண்டு வரை கேட்கலாம், பொதுவாக மொத்தச் செலவில் குறைந்தது 10 சதவீதம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, இடமாகவோ உழைப்பாகவோ இருக்கலாம். உடனே தியேட்டர்கள், எப்படியும் காலியாகக் கிடக்கப் போகிற ஓர் அறைக்கு ஒரு விலை போட்டு அதைத் தங்கள் பங்கு என்று எழுதிவிடுகின்றன. எல்லாக் கூட்டாளிகளும் இப்படியே எழுதினால், பட்ஜெட் தாளில் தொகை பெரிதாக இருக்கும், கலைஞருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது.

கலைஞரின் சொந்த நிதியில் கை வைப்பது

தனிக் கலைஞர்கள் தங்கள் வளர்ச்சிக்காக விண்ணப்பிக்கிற ஆர்ட்ஸ் கவுன்சில் நிதி ஒன்று உண்டு, 2,000 முதல் 12,000 பவுண்டு வரை. கடும் போட்டி. அது கலைஞர் தனக்காக நேரம் வாங்கிக்கொள்ள வேண்டிய பணம், புதிய குருவிடம் கற்கவோ, புதிய உருப்படி செய்யவோ. "நீங்கள் அதற்கு விண்ணப்பியுங்கள், எங்கள் அரங்க வாடகையை அதில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கூட்டாளிகள் சொன்னால், தயவுசெய்து இடையில் புகுந்து தடுங்கள்.

பணம் எப்போது வரும்

வேறு தேதி ஒப்பந்தத்தில் இல்லை என்றால், பில் கொடுத்து 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதமானால் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருக்கிற கலைஞர் எந்தத் தியேட்டரிடம் போய் வட்டி கேட்பார்? கையெழுத்துப் போட்ட அன்றே பாதித் தொகை என்று எழுதிவிடுங்கள்.

கூட்டம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோருக்கும் அந்த நேரத்துக்குச் சம்பளம் ஓடுகிறது. கலைஞருக்கும் கொடுங்கள்.

தரை

கான்கிரீட்டின்மேல் விரிப்புப் போட்ட தரையில் வெறுங்காலோடு அடவு போடச் சொல்லாதீர்கள்.

மைக்

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் வேண்டும், பாடகர் தரையில் உட்கார்ந்து பாடுவார், அரை மணி நேர சவுண்ட் செக் போதாது.

எல்லோருக்கும் ஒரே வகுப்பு

ஒரு சோமாலியக் கவிஞர், ரோமா இனத்து அக்கார்டியன் கலைஞர், சீனப் பின்னணியில் வந்த மண்பாண்டக் கலைஞர், நம்மூர் வயலின் வித்வான் நால்வரையும் ஓர் அறையில் உட்கார வைத்து ஒரே பாடம் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். சிறுபான்மை இனத்தவர் என்பதைத் தவிர அவர்கள் தொழிலில் பொதுவானது ஏதும் இல்லை. மண்பாண்டக் கலைஞருக்குச் சூளையும் காட்சிக்கூடமும் வேண்டும். கவிஞருக்குப் பதிப்பாளரோடு பேச்சு நடக்க வேண்டும். வித்வானுக்குச் சுற்றுப்பயண ஏற்பாட்டாளர் வேண்டும். ஆளைக் கேட்டபிறகு திட்டத்தை எழுதினால் இந்தச் சிக்கலே வராது. நடைமுறையில், நிதி வந்தபிறகுதான் ஆளையே தேடுகிறார்கள்.

சட்டம்

இதில் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் பயந்துபோய், "எல்லோருக்கும் திறந்தது" என்று எழுதித் திட்டத்தின் நோக்கத்தையே கரைத்துவிடுவார்கள். சிலர் ஒரு சம்பள வேலையையே குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டும் என்று விளம்பரம் செய்துவிடுவார்கள். 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 158-ஆம் பிரிவு, பின்தங்கிய நிலையைச் சரிசெய்யப் பொருத்தமான அளவில் பயிற்சியும் ஆதரவும் கொடுக்க இடம் தருகிறது. ஒரு வேலையை ஒதுக்குவது வேறு விஷயம், சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

ஒரே ஆளை நம்புவது

தியேட்டரில் உங்களுக்கு வேண்டியவர் வேலை மாறிப் போவார். அவர் வாக்குக் கொடுத்ததெல்லாம் அவருடைய மின்னஞ்சல் பெட்டியோடு போய்விடும். வாக்குறுதி பதவியின் பெயரில் இருக்கட்டும், இரண்டு பேர் கையெழுத்திடட்டும்.

ஒரு தடவையோடு நிறுத்துவது

முதல் நிகழ்ச்சிக்கு 40 பேர் வந்தால், "இதற்கு இங்கே பார்வையாளர்கள் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவையாகக் காலெடுத்து வைத்தவர்களாக இருப்பார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கோயிலில், தமிழ்ப் பள்ளியில், கடைத்தெருவில் வாய்வழியாகச் செய்தி பரவி அடுத்த கூட்டம் சேர ஒரு வருடமாவது ஆகும். அதனால் முதல் ஒப்பந்தத்திலேயே இரண்டாவது வருடத்துக்கும் அதே அரங்கில் ஒரு நாளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்றிரண்டு தியேட்டர்கள் முடியாது என்று விலகிக்கொள்ளும். விண்ணப்பத்தில் அவர்கள் பெயரைப் போடுவதற்கு முன்பே அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.