நீரோட்டத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள்: ஆழமான ரீஃப் டைவிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் டைவிங் பழகுகிற நம்மில் பலருக்குப் பாதை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் பிடித்து மெர்சிங், அங்கிருந்து படகில் தியோமான், இடையிடையே புலாவ் ஹந்துவின் கலங்கல் தண்ணீர். ஆழமாக இறங்க அனுமதி தரும் அட்வான்ஸ்ட் கார்டு கைக்கு வந்ததும் அடுத்த லீவுக்கு இந்தோனேசியாவின் கொமோடோ, நூசா பெனிடா, மலேசியாவின் சிப்பாடான் என்று கிளம்பிவிடுகிறோம். ஹந்துவில் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்களே அதிகம், அதனால் தானாகவே பயந்து பயந்து போவோம். கொமோடோ மாதிரி இடங்களில் அப்படி இல்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, 30 மீட்டரில் இருக்கும்போதும் பத்து மீட்டரில் இருப்பது மாதிரித்தான் தோன்றும்.

பெரிய தவறு, டேங்கின் காற்றழுத்தம் 50 பாருக்கு இறங்கும்போது மேலே வந்தால் போதும் என்ற பழக்கத்தை ஆழத்துக்கும் கொண்டுபோவது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் வழக்கமாக எடுக்கும் அலுமினிய டேங்க் சுமார் 11 லிட்டர், 200 பார் நிரப்பினால் 2200 லிட்டர் காற்று. தண்ணீருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பார், ஏனென்றால் அங்கே அழுத்தம் நான்கு மடங்கு. இப்போது கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்துவிட்டது, உங்கள் டேங்கிலிருந்து இரண்டு பேரும் மூச்சு விடவேண்டும் என்று வையுங்கள். பதற்றத்தில், தண்ணீருக்கு மேலே உள்ள கணக்கில், ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் இழுப்பீர்கள். கீழே நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற்றம், 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம், எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1000 லிட்டர். அதாவது 90 பார். அந்த நிறுத்தத்தை விட்டுவிட்டால்கூட 65 பாருக்குக் குறையாது. ஆக, 30 மீட்டரில் காற்றழுத்தம் காட்டும் முள் 90ஐத் தொடும்போது நீங்கள் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும், அதற்கும் முன்பே உங்கள் ஜோடிக்கும் டைவ் மாஸ்டருக்கும் சைகை காட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது, நீரோட்டத்தை எதிர்த்து உதைப்பது. ஒரு நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு 30 மீட்டர், அதை எதிர்த்து நல்ல டைவராலும் கொஞ்ச நேரம்தான் தாங்க முடியும். இதை நான் கற்றுக்கொண்டது கொமோடோவில் பத்து போலோங்கில். கடலுக்கு மேலே சின்னதாகத் தலை நீட்டும் பாறை, அதன் மறைவுப் பக்கத்தில்தான் இறங்குவார்கள், இரண்டு ஓரத்தையும் தாண்டாதீர்கள் என்று படகிலேயே சொன்னார்கள். நான் ஒரு ஆமை பின்னால் போய் ஓரத்தைத் தாண்டிவிட்டேன். திரும்பி உதைத்தேன், உதைத்தேன், பக்கத்தில் இருந்த அதே கடல்விசிறி அப்படியே பக்கத்திலேயே இருந்தது. ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முள் 130லிருந்து 90க்கு வந்துவிட்டது. ஆழத்தில் காற்று அடர்த்தியாக இருப்பதால் இப்படி மூச்சு வாங்கும்போது கரியமில வாயு சரியாக வெளியேறாது, அது தேங்கினால் ஆழத்தில் நைட்ரஜனால் வரும் போதை மாதிரியான மயக்கமும் பயமும் இன்னும் கூடும். எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதாத மாதிரி இருந்தது. டைவ் மாஸ்டர் பாறையை ஒட்டி ஊர்ந்து வந்து என் கையைப் பிடித்து ஒரு பாறை முண்டின் பின்னால் இழுத்தார். ஒரு கை தூரம்தான் நகர்ந்திருப்பேன், அங்கே தண்ணீர் ஆடாமல் நின்றது. நீரோட்டம் பாறையை ஒட்டிய இடத்தில் மெதுவாக இருக்கும், இழுக்கும்போது முதலில் தேடவேண்டியது அந்த மறைவைத்தான்.

கீழ்நோக்கி இழுக்கும் ஓட்டம் வேறு வகை, அதில் தவறு செய்ய நேரமே கிடைக்காது. உங்கள் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ போகிறதா, மீன்கள் எல்லாம் தலையை மேலே திருப்பிக்கொண்டு நீந்துகிறதா, உடனே அங்கிருந்து விலகுங்கள். மாட்டிக்கொண்டால் நேர் மேலே உதைக்காதீர்கள். எட்டும் தூரத்தில் பாறை இருந்தால் பற்றிக்கொண்டு கைமாற்றி ஏறுங்கள், இல்லையென்றால் செங்குத்தாக இறங்கும் ரீஃப் சுவரை விட்டு வெளிப்பக்கம் நீந்துங்கள், பெரும்பாலும் அந்த இழுப்பு சுவரை ஒட்டித்தான் இருக்கும். பிசிடி என்கிற மிதப்பு ஜாக்கெட்டில் காற்று ஏற்றவேண்டி வரலாம், ஆனால் விடுபட்ட அடுத்த நொடியே அதை வெளியேற்றத் தயாராக இருங்கள், இல்லையென்றால் பந்து மாதிரி மேலே போய்விடுவீர்கள். சிப்பாடானின் சுவர் சுமார் 600 மீட்டர் இறங்குகிறது, கால் ஊன்ற அங்கே தரை கிடையாது.

அப்புறம், நாள் பார்க்காமல் டிக்கெட் போடுவது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஓட்டம் கூடும் என்று நம் ஊர் மீனவர்கள் எல்லாருக்கும் தெரியும், நாம்தான் பொது விடுமுறையை மட்டும் பார்க்கிறோம். முதல் தடவை போகிறவர்கள் அந்த இரண்டு நாட்களையும் அதை ஒட்டி வரும் இரண்டு மூன்று நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. ஓட்டத்தில் நிலையாக நிற்க மாட்டிக்கொள்ளும் ரீஃப் ஹூக் கொக்கியை உயிருள்ள பவளத்தில் மாட்டவே மாட்டாதீர்கள், வெறும் பாறையில் மட்டும். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் காற்று எடுத்தால் உங்கள் எல்லை சுமார் 34 மீட்டர், அதற்குக் கீழே எந்த சுறா போனாலும் போகட்டும். நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் ஆரஞ்சு மிதவையை ஆளுக்கு ஒன்று வைத்திருங்கள், அதை நடுக்கடலில் விடும் பழக்கம் வேண்டும், ஸ்விம்மிங் பூலில் ஒரு தடவை விட்டுப் பார்த்தது போதாது.

கடைசியாக ஞாயிறு ராத்திரி ஃபிளைட். காலையில் இரண்டு டைவ், இரவு சாங்கி, திங்கள் ஆபீஸ் என்று திட்டம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, பல டைவ் செய்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இருக்கவேண்டும், ஒரு நாள் முழுக்க விட்டால் இன்னும் நல்லது. ஊருக்கு வந்தபின் தோளிலோ முழங்கையிலோ வலி, மரத்துப்போன விரல், தோலில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு என்றால் அது அந்த நைட்ரஜன் குமிழிகளால் வரும் நோயாக இருக்கலாம், டேங்க் தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலேயே டைவிங் மருத்துவப் பிரிவும் அழுத்த அறையும் இருக்கின்றன, அன்றைக்கே போய் எத்தனை டைவ், எவ்வளவு ஆழம் என்று டைவ் கம்ப்யூட்டரைக் காட்டுங்கள்.