பச்சை உடம்பு தேறும் வரிசை

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி முடித்ததும் கண்ணை ஓட்டுவது தாயின் வயிற்றின் மேல்தான். "இன்னும் வயிறு இறங்கவில்லையே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மறுநாளே யூடியூபில் தொப்பைக் குறைப்புப் பயிற்சியைத் தேடி, மல்லாந்து படுத்துத் தலைக்குப் பின்னால் கைகோத்து எழுந்து எழுந்து படுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிரசவத்திற்குப் பின் உடல் தேறுவதற்கு ஒரு வரிசை உண்டு. மூச்சும் இடுப்புத்தளமும் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள்) முதலில், வயிற்றுத் தசை அடுத்து, நடையும் ஓட்டமும் அதன் பிறகு, எடை எல்லாவற்றிற்கும் கடைசியில். இந்த வரிசை மாறும்போது முதுகுவலியும் சிறுநீர்க் கசிவும் கூடுவதோடு, "என் உடம்பு இனி என் சொல் கேட்காது" என்ற அவநம்பிக்கையும் வந்து சேர்கிறது.

கருப்பை ஏறத்தாழ 6 வாரங்களில் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் மாதக்கணக்கில் விரிந்து கொடுத்த வயிற்றுச் சுவரும், குழந்தையின் பாரத்தைக் கீழிருந்து தாங்கிய இடுப்புத்தளத் தசைகளும், ஹார்மோன்களால் தளர்ந்த மூட்டு இணைப்புகளும் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. சிசேரியன் ஆனவர்களுக்கு இடுப்புத்தளம் பாதிக்கப்படாது என்று நினைப்பதும் சரியில்லை. கர்ப்பகாலப் பாரம் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றே. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் சில நாட்களில் செய்ய வேண்டியது குறைவு. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் அனுமதித்தவுடன் மெல்ல எழுந்து நடப்பது கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். எழும்போது நேராக எம்பி எழாமல், முழங்காலை மடித்து ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தையலின் மேல் தலையணையை அணைத்துக்கொள்ளலாம். முதல் 6 வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காமல் இருப்பது நல்லது. தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் மற்றவர்கள் பொறுப்பு.

சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் எடுக்கப்பட்டு, வலி தாங்கக்கூடிய அளவில் இருக்கும்போதே இடுப்புத்தளப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொண்டு, வாயு வெளியேறாமலும் சிறுநீர் கசியாமலும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் அந்தத் தசைகளை உள்நோக்கி மேலே இழுக்க வேண்டும். புட்டமோ தொடையோ இறுகினால், அல்லது மூச்சு நின்றுபோனால், தவறான தசை வேலை செய்கிறது என்று பொருள். தொடக்கத்தில் 3 விநாடி பிடிக்க முடிந்தாலே போதும்; நாளடைவில் 10 விநாடிவரை நீட்டலாம். ஒவ்வொரு முறையும் முழுமையாகத் தளர்த்திய பிறகே அடுத்ததைச் செய்ய வேண்டும், ஏனெனில் தளரத் தெரியாத தசை இறுக்கிப் பிடிக்கவும் தவறும். இப்படி 10 முறை மெதுவாகவும் 10 முறை வேகமாகவும், நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும். தனியாக நேரம் ஒதுக்குவது கைக்குழந்தைக்காரிக்கு நடக்காத காரியம் என்பதால், பால் கொடுக்கும் நேரத்தோடு இதைச் சேர்த்துக்கொள்வது எளிது. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்திப் பழகுவது மட்டும் கூடாது. தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்தவுடன் தசையை இழுத்துப் பிடிக்கப் பழகினால், கசிவு வெகுவாகக் கட்டுப்படும்.

வயிற்றுப் பயிற்சிக்கு முன் ஒரு சோதனை தேவை. மல்லாந்து, முழங்கால் மடித்து, தொப்புளின் மேல் விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் சற்றே தூக்கிப் பாருங்கள். இரு பக்கமும் தசை விறைத்து எழும். நடுவில், இரு தசைகளுக்கும் இடையிலான பள்ளத்தில் விரல்கள் இறங்கும். தொப்புளுக்கு மேலும் கீழும் இதையே பார்க்க வேண்டும். முதல் 8 வாரங்களில் இந்த இடைவெளி தானாகவே பெரும்பாலும் குறைந்துவரும். அதன் பிறகும் இரண்டு விரலுக்கு மேல் இருந்தால் இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்ட வேண்டும். தொடக்கப் பயிற்சி எளியதுதான்: மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தொப்புளை முதுகுத்தண்டை நோக்கி மெல்ல உள்ளிழுப்பது, பிறகு அதே நிலையில் ஒரு குதிகாலைத் தரையில் சறுக்கி நீட்டி மடக்குவது. எந்தப் பயிற்சியிலாவது வயிற்றின் நடுவில் கூம்புபோல் மேடு எழுந்தால், அது இப்போதைக்கு உங்களுக்குரிய பயிற்சி இல்லை. எழுந்து படுப்பது, இரு கால்களையும் சேர்த்துத் தூக்குவது, முன்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் ஆகியவை பொறுத்திருக்கலாம்.

வயிற்றில் துணி கட்டுவதை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. மெல்லிய பழைய புடவையை மிதமாகச் சுற்றிக்கொண்டால் முதல் சில வாரங்களுக்கு முதுகுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஆனால் அது வயிற்றைக் கரைக்காது. மூச்சு முட்டக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி இடுப்புத்தளத்தைத்தான் வருத்தும். சிசேரியன் காயத்தின் மேல் கட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் கூட்டலாம், மொட்டைமாடியே போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தடையேதும் இல்லாத தாய்மார் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பை எட்டலாம் என்கிறது. நடந்த பின் உதிரப்போக்கு மீண்டும் சிவந்தாலோ கூடினாலோ, அன்றைய அளவு அதிகம் என்று குறைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டமும் கயிறு தாண்டுவதும் 3 மாதத்துக்கு முன் வேண்டாம். உடற்பயிற்சியால் பால் வற்றும் என்பதற்கு ஆதாரமில்லை; பால் கொடுத்துவிட்டு நடக்கப் போனால் மார்பு கனக்காது.

பாலூட்டும் முதல் 6 மாதங்களில் நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஆகவே பட்டினி கிடந்து எடை குறைக்க இது காலமில்லை. பூண்டுக் குழம்பு தாராளமாகத் தொடரட்டும். பத்தியம் என்ற பேரில் காய், பழம், தண்ணீர் ஆகியவற்றைக் குறைப்பதுதான் தொல்லை: மலம் இறுகும், முக்க நேரும், அந்த முக்கலே இடுப்புத்தளத்தைத் தளர்த்தும். பிரசவத்திற்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். படியேறும்போது வரும் களைப்பைப் பலர் சோம்பல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பல நேரம் அது இரத்தசோகை.

தன்னம்பிக்கையை எடைக்கருவியிலும் பழைய ரவிக்கையிலும் தேடாமல் இருப்பது நல்லது. இடையில் மூன்றாம், நான்காம் மாதத்தில் பலருக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும்; பெரும்பாலும் ஓராண்டுக்குள் அது சீராகிவிடும். தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, நனையாமல் வாய்விட்டுச் சிரிக்க முடிகிறதா, குழந்தையோடு மாடியேற முடிகிறதா என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வைத்தால், கண்ணாடி காட்டாத முன்னேற்றம் தெரியும். இதற்கெல்லாம் நாளுக்கு அரை மணி நேரமாவது குழந்தையைக் கணவரோ வீட்டாரோ ஏற்றுக்கொள்ள வேண்டும். கேட்காமலே செய்ய வேண்டிய இந்த உதவியைப் பல வீடுகளில் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு வாரத்துக்குள் காரணமின்றி அழுகை வந்து போவது இயல்பு. அதைத் தாண்டியும் சோகமும் பதற்றமும் நீடித்தால், குழந்தையின்மேல் ஒட்டுதல் வரவில்லை என்று தோன்றினால், அது சிகிச்சையில் குணமாகும் மனச்சோர்வாக இருக்கக்கூடும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மனஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், கண் மங்கலோடு கடும் தலைவலி, காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடப் போகும் நாளில் தாயும் தன்னைப் பரிசோதித்துக்கொள்ளலாம். தையல் ஆறிவிட்டதா, இரத்த அளவு எவ்வளவு, வயிற்றுத் தசை இடைவெளி எத்தனை விரல் என்று கேளுங்கள். சிறுநீர்க் கசிவோ அடியில் ஏதோ இறங்குவதுபோன்ற கனமோ இருந்தால் கூச்சப்படாமல் அன்றே சொல்லிவிட வேண்டும்; "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று பதில் வந்தால், இயன்முறை மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேளுங்கள்.